வலிக்கு அளவுகோல் வகுப்பது யார்?

2015 டிசம்பரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. ஒரு வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. நாள்பட்ட வலிக்கு மார்பின் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகளை எப்போது, எவ்வளவு, எத்தனை நாளைக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று மருத்துவர்களுக்குச் சொல்லும் நெறிமுறை அது. அதே ஆண்டு செப்டம்பரில் மிகக் குறுகிய அவகாசத்தில் கருத்துக் கேட்டபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியிருந்தது. அதனால் இம்முறை 30 நாள் அவகாசம் கொடுத்தார்கள். 4,300-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. எழுதியவர்களில் மருத்துவர்கள் இருந்தார்கள். வருடக்கணக்கில் வலியோடு வாழ்பவர்கள் இருந்தார்கள். இதே மருந்துகளுக்குத் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள்.

மருந்துச் சீட்டு பற்றிய ஒரு நெறிமுறைக்கு ஏன் இத்தனை பேர் எழுத வேண்டும்? காரணம் இந்த மருந்தின் இயல்பிலேயே இருக்கிறது. தாராளமாகக் கொடுத்தால் உயிரைப் பறிக்கும். கொடுக்க மறுத்தால் மனிதரைத் துடிக்கவிடும். இரண்டு பக்கமும் தவறு செய்ய முடியும், உலகம் இரண்டு பக்கமும் தவறு செய்திருக்கிறது. அந்த வரலாற்றையும் அதன் அடியில் உள்ள அறிவியலையும் பார்த்தால், இப்படிப்பட்ட விதிகளை எழுதும்போது நோயாளியின் பக்கத்தில் நிற்கும் மருத்துவரைக் கேட்பது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பது விளங்கும்.

உடலுக்குள் நடப்பது

கால் விரலைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டால் முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி; கொஞ்சம் பொறுத்து, மந்தமாக விண்விண்ணென்று இன்னொரு வலி. இரண்டும் வேறு வேறு நரம்பிழைகள் வழியாக வருகின்றன. முதல் செய்தியைக் கொண்டுவருவது வேகமான ஏ-டெல்டா இழை. அடுத்ததைக் கொண்டுவருவது நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் மெதுவாகச் செல்லும் சி இழை. இரண்டும் தண்டுவடத்தின் பின்பகுதியில் வந்து சேர்ந்து, அங்கே அடுத்த நரம்புக்குச் செய்தியைக் கைமாற்றுகின்றன.

அந்தக் கைமாற்று தானாக நடந்துவிடுவதில்லை. வயலுக்குப் பாயும் தண்ணீரை மடை கூட்டியும் குறைத்தும் விடுவதுபோல, மேலே மூளைக்குப் போகும் வலிச் செய்தியைத் தண்டுவடம் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965-ல் முன்வைத்த கொள்கை இது. மூளையிலிருந்தும் இதற்கான கட்டளைகள் கீழே இறங்குகின்றன. காயத்தின் அளவும் வலியின் அளவும் பொருந்தாமல் போவதற்கு இதுவே அடிப்படை. சிறிய காயம் பெரும் வலி தரலாம். பெரிய காயத்தைச் சிலர் உணராமலேயே நடந்து போகலாம்.

மார்பின் வேலை செய்யும் இடங்களில் முக்கியமான ஒன்று இந்த மடைதான். கசகசாச் செடியின் பாலிலிருந்து கிடைக்கும் அபினியிலிருந்து மார்பினை முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த மருந்தாளுநர் ஃபிரெட்ரிக் செர்ட்யூர்னர். அது 19-ம் நூற்றாண்டின் தொடக்கம். ஆனால் மார்பின் உடலில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது 1973-ல்தான் தெரிய வந்தது. நரம்புச் செல்களின் மேல் ஓபியாய்டு ஏற்பிகள் இருப்பதைக் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். இரண்டே ஆண்டில், இந்த ஏற்பிகளில் சென்று ஒட்டும் பொருள்களை நம் உடலே சுரக்கிறது என்பதை ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் கண்டறிந்தார்கள்.

இந்த ஏற்பிகள் தண்டுவடத்தில் மட்டும் இருந்திருந்தால் எந்தக் கவலையும் இல்லை. குடலில் இருக்கின்றன, அதனால் மலச்சிக்கல். மூளையின் இன்பப் பாதையில் இருக்கின்றன; அதனால் அடிமையாகும் ஆபத்து. மூச்சின் தாளத்தை நடத்தும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன. அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். ஓபியாய்டு மிகையால் ஏற்படும் சாவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாளாக ஆக அதே பலனுக்குக் கூடுதல் மருந்து தேவைப்படுவது தாங்குதிறன். மருந்தைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை வருவது உடல்சார்பு. தீங்கு என்று தெரிந்தும், வாழ்க்கையே குலைந்தும், அதைத் தேடி ஓடுவது அடிமைநிலை. முதல் இரண்டும் பல வாரம் மருந்து எடுக்கும் எவருக்கும் வரக்கூடும். மூன்றாவது சிலருக்குத்தான் வருகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் எழுதப்பட்ட மோசமான விதிகள் ஏராளம்.

ஐந்து வாக்கியங்கள் செய்த வேலை

1980-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் எழுதிய ஒரு சின்னக் கடிதம் வெளிவந்தது. மொத்தமே ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 நோயாளிகளின் குறிப்புகளைப் பார்த்ததில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர்தான் அடிமையானதாகத் தெரிந்தது என்றது கடிதம். அவர்கள் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினால் என்ன ஆகும் என்பது பற்றி அக்கடிதம் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் எதற்கெல்லாமோ அதை ஆதாரமாகக் காட்டினார்கள். 2017-ல் கனடா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது 608 கட்டுரைகள் அக்கடிதத்தை மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் 72 விழுக்காடு, 'அடிமையாவது அரிது' என்பதற்குச் சான்றாக அதைக் காட்டின. மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைப் பற்றியது அது என்ற விவரத்தைப் பெரும்பாலான கட்டுரைகள் சொல்லவே இல்லை.

1996-ல் பர்டியூ ஃபார்மா நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்தது. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு போல வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாக அளக்க வேண்டும் என்ற முழக்கமும் அக்காலத்தில்தான் எழுந்தது. முழக்கத்தின் நோக்கம் நல்லதுதான். அதுவரை நோயாளியின் வலியைப் பொருட்படுத்தாத மருத்துவமனைகள் நிறைய இருந்தன. ஆனால் வலிக்கு எண் கொடுத்து, அந்த எண்ணைக் குறைத்தே ஆக வேண்டும் என்று அழுத்தம் வந்தபோது, கைக்கு எட்டிய எளிய வழி மருந்துச் சீட்டாக இருந்தது. 2012-ல் அமெரிக்காவில் 25 கோடிக்கும் மேற்பட்ட ஓபியாய்டு சீட்டுகள் எழுதப்பட்டன. அதாவது 100 பேருக்கு 81 சீட்டு. அடிமையாகும் ஆபத்து பற்றி மருத்துவர்களைத் தவறாக வழிநடத்தி விற்ற குற்றத்தைப் பர்டியூ நிறுவனம் 2007-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் ஏராளமான குடும்பங்கள் சிதைந்திருந்தன.

நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இந்த மருந்து உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கே விடை தாமதமாகத்தான் வந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 240 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையின் முடிவு 2018-ல் வெளியானது. முதுகு, இடுப்பு, முழங்கால் வலிக்கு ஓபியாய்டு எடுத்தவர்களும் மற்ற வலி மருந்துகளை எடுத்தவர்களும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

ஓர் எண் விதியாக மாறிய கதை

இந்தப் பின்னணியில் 2016 மார்ச்சில் சி.டி.சி.யின் நெறிமுறை வெளிவந்தது. 12 பரிந்துரைகள். அவற்றில் ஒன்று: ஒரு நாள் அளவு 50 மார்பின் மில்லிகிராம் சமஅளவைத் தொட்டால் கவனமாக யோசியுங்கள், 90-ஐத் தவிருங்கள், அல்லது தக்க காரணத்தோடு மட்டுமே கொடுங்கள்.

பல வகை ஓபியாய்டுகளை ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க உருவாக்கப்பட்டதே இந்த மார்பின் சமஅளவு. மார்பினுக்கு மதிப்பு 1, ஆக்ஸிகோடோனுக்கு 1.5. ஆகவே 60 மில்லிகிராம் ஆக்ஸிகோடோன் என்பது 90 சமஅளவு. கணக்கு துல்லியமாகத் தெரிகிறது, இல்லையா? நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் டிராமடாலைப் பாருங்கள். 2016 நெறிமுறைக் காலத்து சி.டி.சி. கணக்கில் அதன் மதிப்பு 0.1. நாளொன்றுக்கு உச்ச அளவான 400 மில்லிகிராம் எடுத்தால் 40. எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழே. 2022 நெறிமுறையில் அதே டிராமடாலின் மதிப்பு 0.2 ஆனது. இப்போது அதே மாத்திரை 80; கோட்டுக்கு மேலே. மாத்திரையும் மாறவில்லை, நோயாளியும் மாறவில்லை.

உடலுக்கு உடல் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரிது. கோடீன் என்ற மருந்துக்குத் தனியே பெரிய வலு கிடையாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மார்பினாக மாற்றினால்தான் வலி குறையும். அந்த நொதி சிலருக்குப் பிறப்பிலேயே வேலை செய்வதில்லை. அவர்களுக்குக் கோடீன் கொடுத்தும் பயனில்லை. வேறு சிலருக்கு அது மிக வேகமாக வேலை செய்து, வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததால், 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் அறிவித்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்பினின் சிதைபொருள்கள் உடலில் தேங்கும்; அவர்களுக்கு 20 மில்லிகிராமே அதிகமாகலாம். மாறாக, எலும்பில் புற்றுநோய் பரவி, மாதக்கணக்கில் மார்பின் எடுத்துவரும் ஒருவருக்கு 90 போதாமல் போகலாம்.

2016 நெறிமுறை கட்டாயச் சட்டமாக எழுதப்படவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இறுதிக்கால நோயாளிகளுக்கும் பொருந்தாது என்றும் அதிலேயே இருந்தது. ஆனாலும் மாநிலச் சட்டங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், மருந்துக் கடைச் சங்கிலிகள் அந்த எண்ணை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டன. பல ஆண்டுகளாக ஒரே அளவில் நிலையாக இருந்தவர்களுக்கும் மருந்து சடாரெனக் குறைக்கப்பட்டது. உடல்சார்பை அடிமைநிலை என்று பார்த்ததன் விளைவு இது. திடீர் நிறுத்தத்தால் கடும் வலி, மன உளைச்சல், தற்கொலை எண்ணம் ஏற்படுவதாக 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்தது.

சரிசெய்யும் வேலையைத் தொடங்கிவைத்தது மருத்துவர்களின் குரல். 2019 மார்ச்சில் 300-க்கும் மேற்பட்ட மருத்துவ வல்லுநர்கள், தங்கள் கண்முன் நடப்பதை எடுத்துச் சொல்லி சி.டி.சி.க்குக் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். அடுத்த மாதமே நெறிமுறையை எழுதியவர்கள், தங்கள் பரிந்துரை தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். 2022 பிப்ரவரியில் புதிய வரைவு வந்தது. அதற்கு ஏறக்குறைய 5,500 கருத்துகள் குவிந்தன. நவம்பரில் வெளியான இறுதி நெறிமுறையின் பரிந்துரைகளில் 90 என்ற எண் இல்லை. இதை வளைக்க முடியாத விதியாகக் கொள்ளாதீர்கள், நிலையாக இருப்பவருக்கு மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது புதிய நெறிமுறை.

இந்தியா செய்த எதிர்த்தவறு

இதே காலத்தில் இந்தியா நேரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. சிறிய நடைமுறைப் பிழைக்கும் குறைந்தது பத்தாண்டு சிறை என்ற அச்சம். ஒரு மருத்துவமனை மார்பின் வாங்க வேண்டுமானால் பல உரிமங்கள் வேண்டும். வெவ்வேறு துறைகள் கொடுக்கும் அந்த உரிமங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கவும் வேண்டும். கடைசி உரிமம் கைக்கு வருவதற்குள் முதல் உரிமம் காலாவதியாகிவிடும். மருந்தகங்கள் கைவிட்டன. மருத்துவக் கல்லூரிகளில் மார்பினைக் கையாளத் தெரியாத தலைமுறைகள் படித்து வெளியேறின. 1997-க்குள் நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்து, ஆண்டுக்கு வெறும் 18 கிலோவில் வந்து நின்றது.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபினி விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. உலகின் வலிக்கு மூலப்பொருள் அனுப்பும் நாட்டில், சொந்தப் புற்றுநோயாளிகள் வலியில் அலறிச் செத்தார்கள். 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் போட்ட கணக்குப்படி, இந்தியாவின் தேவையில் 4 விழுக்காட்டுக்கு மட்டுமே மருந்து கிடைத்தது. அமெரிக்காவிலோ தேவையைப் போல் 30 மடங்குக்கும் மேல்.

இந்தியாவிலும் நிலைமையை மாற்றியது மருத்துவர்களின் சான்றுதான். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் சேர்ந்து வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். வாய்வழி மார்பினை நோயாளிகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 'வீட்டுக்கு அனுப்பினால் கள்ளச்சந்தைக்குப் போகும்' என்பதே அதிகாரிகளின் அச்சம். அதை அவர்கள் மேடையில் மறுத்துப் பேசுவதோடு விடவில்லை. இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்குக் கொடுத்த மார்பினின் கணக்கை எழுதிவைத்து, 2001-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். மருந்து வெளியே கசிந்ததாக ஒரு நிகழ்வுகூடக் கண்டறியப்படவில்லை. கேரளம் விதிகளை எளிதாக்கியது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. மார்பின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசியப் போதை மருந்துகள் என 2015-ல் அறிவிக்கப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும் என்றானது.

ஆனால் சட்டம் திருந்தினால் மட்டும் மாத்திரை கிராமத்துக்கு வந்துவிடாது. தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ், படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வீட்டுக்கே ஆதரவுச் சிகிச்சை போகிறது. அங்கே போகும் செவிலியர் நேரில் காணும் வலி, மருந்து விதியை எழுதுபவரின் காதுக்கும் எட்ட வேண்டும்.

எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது

மருத்துவர்களைக் கேளுங்கள் என்று சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவில் ஓபியாய்டுகளைத் தாராளமாக எழுதச் சொல்லி மேடை ஏறியவர்களிலும் மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் மருந்து நிறுவனங்களின் பணம் பெற்றவர்கள். நிறுவனங்களின் செல்வாக்கு இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்ததும், வலி மருந்து தொடர்பாக 2011-லும் 2012-லும் வெளியிட்ட இரண்டு ஆவணங்களை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் திரும்பப் பெற்றது. ஆகவே கருத்துச் சொல்பவர் யாரிடம் பணம் பெறுகிறார் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கருத்துச் சொல்ல வேண்டும். இந்த விதி முதலில் வர வேண்டும்.

இரண்டாவது, யாரைக் கேட்கிறோம் என்பது. பெருநகர வலி நிபுணரை மட்டும் கேட்டால் போதாது. வட்டார மருத்துவமனையில் இரவுப் பணியில் இருப்பவர், மார்பின் இருப்புப் பதிவேட்டைப் பராமரிக்கும் மருந்தாளுநர், போதை மீட்பு மருத்துவர், நோயாளி என அனைவரும் வேண்டும். மருந்து மிகையைப் பார்ப்பவரும் மருந்துப் பஞ்சத்தைப் பார்ப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இரண்டு தீங்கையும் ஒருசேர எடைபோட முடியும்.

மூன்றாவது, கேட்டதற்குப் பதில். வந்த கருத்துகளில் எதை ஏற்றோம், எதை மறுத்தோம், ஏன் என்று வெளியிட வேண்டும். நம் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் மருத்துவர் நடத்தை விதிகளின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 2023 ஆகஸ்ட் 2-ல் விதிகள் அறிவிக்கப்பட்டன. மருந்தின் பொதுப்பெயரையே சீட்டில் எழுத வேண்டும் என்ற கட்டளைக்கு மருத்துவர் சங்கங்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன. மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 23-ல், விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. யார் பக்கம் நியாயம் இருந்தாலும், அந்த வாதம் முழுவதும் வரைவு நிலையிலேயே தீர்ந்திருக்க வேண்டும்.

நான்காவது, விதி நடைமுறைக்கு வந்த பிறகும் கேட்க வேண்டும். 90 என்ற எண்ணின் கேடு அன்று வரைவைப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. மூன்று ஆண்டு நோயாளிகளைப் பார்த்த பிறகு தெரிந்தது. எந்த நெறிமுறைக்கும் மறுஆய்வுத் தேதி ஒன்று அதன் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வலி மருந்து பற்றிய ஒரு வரைவு உங்கள் முன் வரும்போது, 'இது நடைமுறைக்கு ஒத்துவராது' என்று ஒரு வரி எழுதி நிறுத்திவிடாதீர்கள். என்ன நோய், என்ன அளவு கொடுத்தீர்கள், எந்த விதி எங்கே தடுத்தது, அதனால் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று பெயரை மறைத்து எழுதுங்கள். கோழிக்கோட்டில் 1,723 பேரின் கணக்கு ஒரு நாட்டின் சட்டத்தை மாற்ற உதவியது. உங்கள் பதிவேட்டிலும் அப்படி ஒரு கணக்கு இருக்கும்.

நோயாளிகளும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியதும் உண்டு. வலியைச் சொல்லத் தயங்காதீர்கள். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மார்பின் எழுதினால், 'அடிமையாகிவிடுவார்' என்று பயந்து மாத்திரையை அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். சந்தேகத்தை மருத்துவரிடமே கேளுங்கள். சாதாரண முதுகுவலிக்கு யாரோ சொன்னார்கள் என்று டிராமடாலைக் கடையில் நீங்களாகவே கேட்டு வாங்கவும் வேண்டாம். வலியைத் தணிப்பது மருத்துவத்தின் முதல் கடமை. அந்தக் கடமைக்கான விதியை, அதை அன்றாடம் செய்பவர்களைக் கேட்காமல் எழுதும் உரிமை யாருக்கும் இல்லை.